கேலிச் சித்திரமும் நாட்டின் செல்வமும்

ஒரு ரூபாயை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நூறு ரூபாயையும் கண்டிருக்கிறோம். ஒரு கோடி ரூபாயை ஒருங்கே குவித்து வைத்துக் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? ஆயினும் அரசாங்கத்தின் வரவும் செலவும் கடனும் கோடிக் கணக்கில்தான் பேசப்படுகின்றன. எண் பெரிதாகப் பெரிதாக அது நம் மனத்தில் பதிவது குறைகிறது. மளிகைக் கடையில் பருப்பு விலை இரண்டு ரூபாய் ஏறினால் வீடே பேசுகிறது. நாட்டின் கடன் இரண்டாயிரம் கோடி ஏறினால் எவரும் பேசுவதில்லை. இந்தக் காணாப் பொருளைக் கண்முன் நிறுத்துவதற்குப் பொருளாதார நூல்கள் உண்டு. புள்ளி விவரங்கள் உண்டு. மேடைப் பேச்சுகளும் உண்டு. இவற்றினும் எளிதாக அப்பணியைச் செய்து வந்திருப்பது, பத்திரிகையின் ஒரு மூலையில் இடம்பெறும் கேலிச் சித்திரம். அதன் வரலாற்றைப் பற்றி, சிறப்பாக நம் தமிழ்நாட்டில் அது நடந்து வந்த பாதையைப் பற்றி, மாணவர்களாகிய உங்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதன்முதலில் கற்பித்த விதி ஒன்று உண்டு. தெரிந்ததைக் காட்டித் தெரியாததை உணர்த்த வேண்டும் என்பது அது. எழுபது மாணவர் அமர்ந்த வகுப்பில் 'வரி' என்ற சொல்லை விளக்கப் புகுந்து, இலக்கணம் முழுவதும் சொல்லி முடித்தபின், பின்வரிசையில் பாதிப் பேர் உறங்கிக் கிடந்ததைக் கண்டவன் நான். கேலிச் சித்திரக்காரன் எந்தப் பயிற்சிக் கல்லூரிக்கும் சென்றவனல்லன். ஆனால் அந்த விதி அவனுக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. வரியை அவன் ஒரு சுமையாக்கிக் கழுதையின் முதுகில் ஏற்றுகிறான். கருவூலத்தை ஒரு பெட்டியாக்குகிறான். பேராசையை ஒரு வயிறாக்குகிறான். வயிற்றைத் தெரியாதவர் யார்?

'கார்ட்டூன்' என்னும் சொல்லின் கதையே ஏழ்மையோடும் செல்வத்தோடும் பின்னிக் கிடக்கிறது. கெட்டியான தாள் என்பதே அச்சொல்லின் பழம்பொருள். சுவரோவியம் தீட்டுமுன் கெட்டித் தாளில் முழு அளவில் வரைந்து பார்க்கும் மாதிரிக்கு அப்பெயர் வழங்கியது. இலண்டனில் 1834-இல் பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி அழிந்தது. புதிய கட்டடத்தின் சுவர்களை ஓவியங்களால் அணி செய்ய எண்ணிய அரசாங்கம், 1843-இல் அத்தகைய மாதிரிகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. அந்நாளில் இலண்டன் தெருக்களில் பசித்தவர் கூட்டம் பெரிது. 'பஞ்ச்' என்னும் நகைச்சுவைப் பத்திரிகை அதே ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு படம் வெளியிட்டது. கந்தல் உடுத்தவரும் ஊன்றுகோல் பிடித்தவரும் குழந்தைகளும் சித்திரசாலைக்குள் நின்று, செல்வர்களின் உருவப் படங்களை வெறித்துப் பார்க்கிறார்கள். வரைந்தவர் ஜான் லீச். உணவு கேட்டவனுக்கு ஓவியம் காட்டுகிறார்கள் என்பது அதன் உட்பொருள். அப்படத்துக்குப் 'பஞ்ச்' வேண்டுமென்றே 'கார்ட்டூன், எண் 1' என்று பெயரிட்டது. அன்று முதல் கேலிச் சித்திரத்துக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் அப்போது வந்தது. பொருள் அதற்கும் மூத்தது. 1797-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தோடு நடந்த போரில் இங்கிலாந்தின் பொன் கரைந்துகொண்டிருந்தது. நோட்டைக் கொண்டு வருபவனுக்குப் பொன் கொடுக்க வேண்டிய கடமையை இங்கிலாந்து வங்கி நிறுத்தி வைத்தது. ஜேம்ஸ் கில்ரே என்ற சித்திரக்காரர் அந்த வங்கியை ஒரு வயது முதிர்ந்த மாதாகத் தீட்டினார். அவள் உடுத்தியிருக்கும் ஆடை முழுவதும் காகித நோட்டுகள். அவள் அமர்ந்திருப்பது பூட்டிய பணப்பெட்டியின் மேல். பிரதம மந்திரி பிட் அவளைக் காதலிப்பவர்போல நெருங்கி, அவள் சட்டைப் பைக்குள் கைவிடுகிறார். அவள் கூக்குரலிடுகிறாள். வங்கியின் இருப்பை அரசாங்கம் போருக்காக எடுத்துக்கொள்கிறது என்ற செய்தியைப் பத்துப் பக்கத்தில் விளக்கலாம். கில்ரே ஒரு தாளில் விளக்கினார். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும், அவ்வங்கி இருக்கும் தெருவின் பெயரோடு சேர்த்து அதனைக் 'கிழவி' என்றே இங்கிலாந்து மக்கள் அழைக்கிறார்கள். நாட்டின் மாபெரும் நிறுவனமொன்றுக்கு ஒரு சித்திரக்காரன் வைத்த பெயர் நிலைத்துவிட்டது என்பது சிறிய செய்தியன்று.

என் வகுப்புகளில் நான் மிகுதியாகப் பயன்படுத்தியது பாரிஸ் நகரத்து ஓவியர் ஓனொரே தோமியே 1831 டிசம்பரில் வரைந்த படம். பிரான்சின் மன்னர் லூயி பிலிப் மலைபோன்ற உடலோடு அமர்ந்திருக்கிறார். அவர் வாயிலிருந்து தரைவரை ஒரு பலகை சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கீழே எலும்பும் தோலுமாக நிற்கும் ஏழைகள் தம் கையிலிருக்கும் காசைக் கூடையில் போடுகிறார்கள். கூடை சுமப்பவர்கள் பலகை வழியே ஏறி மன்னரின் வாயில் கொட்டுகிறார்கள். ஆசனத்தின் கீழே பட்டங்களும் பதவி ஆணைகளும் வந்து விழ, அவற்றைப் பொறுக்கிக்கொள்ள ஒரு கூட்டம் முண்டியடிக்கிறது. வரி எங்கே போகிறது, என்னவாகத் திரும்பி வருகிறது, யாருக்குத் திரும்பி வருகிறது என்ற மூன்று வினாக்களுக்கும் அதில் விடை இருக்கிறது.

எங்கள் திருவெறும்பூரின் பெயர்க் காரணம் நீங்கள் அறிந்ததே. தேவர்கள் எறும்பு வடிவெடுத்து மலையேறிச் சிவபெருமானை வழிபட்டார்கள் என்பது தலபுராணம். அந்த ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இப்படத்தைப் பார்த்தவுடன், "ஐயா, எறும்புச் சாரை மாதிரி ஏறுகிறார்கள்" என்றான். வகுப்பு சிரித்து ஓய்ந்தபின் அவனே மறுபடி எழுந்து, "ஏன் ஐயா, கூடை தூக்குகிறவர்களும் ஏழைகள்தானே? பாதி வழியில் கூடையைக் கவிழ்த்துவிட்டால் என்ன?" என்று கேட்டான். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி நான் மூன்று பாடவேளை பேசியும் எழாத வினா அது. அடுத்த பாடவேளையை அந்த வினாவுக்கே கொடுத்துவிட்டேன்.

தோமியே அந்தப் படத்துக்காக ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 1835-இல் பிரான்சு இயற்றிய சட்டம் இன்னும் கவனிக்கத்தக்கது. எழுத்தை அச்சிட முன்அனுமதி வேண்டியதில்லை. படத்தை வெளியிட மட்டும் முன்அனுமதி பெற வேண்டும் என்றது அச்சட்டம். எழுத்து கருத்தைச் சொல்கிறது, படம் செயலைத் தூண்டுகிறது என்பது ஆட்சியாளர் காட்டிய காரணம். உண்மைக் காரணம் வேறு. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் சிலர். படத்தைப் பார்க்கக் கண் இருந்தால் போதும். அமெரிக்காவில் நியூயார்க் நகரின் பொதுப்பணத்தைச் சூறையாடிய வில்லியம் ட்வீட் என்ற அரசியல் தலைவர், தம்மைப் பற்றி எழுதும் கட்டுரைகளுக்கு அஞ்சவில்லை, தாமஸ் நாஸ்ட் 1871-இல் வரைந்த படங்களுக்கே அஞ்சினார் என்று சொல்வார்கள். தலை இருக்க வேண்டிய இடத்தில் பணமூட்டையை வைத்து அவரை வரைந்தவர் நாஸ்ட். பின்னர் ட்வீட் சிறையிலிருந்து தப்பி ஸ்பெயின் நாட்டுக்கு ஓடியபோது, அங்கே அவரை அடையாளம் காண உதவியதும் நாஸ்டின் படந்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் இங்கிலாந்துக்கு வழிந்தோடுகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் தாதாபாய் நவரோஜி. அவருடைய பெருநூல் 1901-இல் வெளிவந்தது. தமிழில் அக்கருத்தைப் பரப்பியவர்களுள் முதல்வர் 'சுதேசமித்திரன்' நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர். இவர் நம் காவிரிக் கரைத் திருவையாற்றுக்காரர். பொருளாதாரத்தை எழுதுவதில் வல்லவர். ஆயினும் அவர் எழுத்து படித்தவர் வட்டத்தைத் தாண்டவில்லை. அவரிடம் 1904-இல் உதவியாசிரியராகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அதனைத் தாண்டும் வழியைக் கண்டார். அவர் சுப்பிரமணிய பாரதியார்.

1906-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னையில் 'இந்தியா' வாரப் பத்திரிகை தோன்றியது. பாரதியார் அதன் உயிர்நாடி. அது சிவப்பு நிறத் தாளில் அச்சாயிற்று. அந்நிறமே அதன் கொள்கையை அறிவித்தது. அதனினும் பெரிய புதுமை, அதில் வெளியான கருத்துப்படங்கள். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கருத்துப்படத்தை ஒரு முறையாகவே கையாண்ட பெருமை 'இந்தியா'வுக்கு உரியது. பஞ்சம், வரி, சுதேசிக் கைத்தொழில், நிதானக் கட்சியாருக்கும் தீவிரக் கட்சியாருக்கும் இருந்த பூசல், இலண்டனிலிருந்து வந்த சீர்திருத்த வாக்குறுதிகள் ஆகியவை அப்படங்களின் பொருள்கள். கவிஞர் என்றே நாம் அறிந்த பாரதியாரின் இப்பணியை நெடுங்காலம் பலரும் அறியவில்லை. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 1994-இல் அப்படங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்ட பின்னரே அவை முழு அளவில் நம் கைக்கு எட்டின. மாணவர்கள் நூலகத்தில் அதனைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அப்படங்களில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. பாரதியார் படத்தை மட்டும் வெளியிட்டுவிட்டு ஒதுங்கவில்லை. இன்ன உருவம் இன்னதைக் குறிக்கிறது என்று கூடவே ஒரு விளக்கமும் எழுதினார். இன்றைய வாசகருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். விளக்கிச் சொன்னால் நகைச்சுவை கெட்டுவிடும் என்பார்கள். ஆனால் அன்றைய தமிழர் படம் பார்த்திராதவர்களா? கோயில் சுவரில் புராணச் சித்திரம் கண்டிருக்கிறார்கள். திருவிழாவில் கட்டியங்காரன் அரசனையே கிண்டல் செய்வதைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு மாட்டின் உருவம் தேசத்தையும், ஒரு மனிதனின் உருவம் ஒரு கட்சியையும் குறிக்கும் என்ற வழக்குத்தான் புதிது. அந்த வழக்கைப் பாரதியார் தாமே கற்பித்தார். நான் அவரை ஆசிரியர் என்று கருதுவது இதனால்தான். சில மாதம் எட்டயபுரத்துக் கவி மதுரையில் பள்ளி ஆசிரியராக இருந்தார் என்பது வரலாறு. என் கருத்தில் அவர் உண்மையாக வகுப்பு நடத்தியது 'இந்தியா'வின் பக்கங்களில்.

படம் வேடிக்கைக்கு மட்டும் அன்று என்பதற்கு அந்த ஆண்டுகளின் நிகழ்ச்சிகளே சான்று. 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். இருபத்தைந்து ரூபாய் கொடுத்து ஒரு கப்பலில் பங்கு வாங்கு என்று தமிழனிடம் கேட்பதானால், வெள்ளைக்காரன் கப்பலில் போகும் கட்டணத்தால் அவனுக்கு என்ன நட்டம் என்பதை முதலில் அவன் உணர வேண்டும். அந்த உணர்ச்சியை ஊட்டிய பத்திரிகைகளுள் 'இந்தியா' முன்னணியில் நின்றது. அரசாங்கம் அதனைப் புரிந்துகொண்டது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் கைதானார். அதே ஆண்டில் 'இந்தியா'வின் உரிமையாளராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை அடைந்தார். பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். பத்திரிகையும் அவரைப் பின்தொடர்ந்து அக்டோபரில் அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையாமல் தடுத்தபின், 1910 மார்ச்சில் நின்றுபோயிற்று. முழுவதும் சித்திரங்களாலேயே ஆன 'சித்திராவளி' என்னும் பத்திரிகையை நடத்தவும் பாரதியார் திட்டமிட்டிருந்தார். அது கைகூடவில்லை.

அதன்பின் இருபது ஆண்டுக் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். பூதூர் வைத்தியநாதையர் 1926-இல் 'ஆனந்த விகடன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1928-இல் எஸ். எஸ். வாசன் அதனை விலைக்கு வாங்கினார். பெயரில் உள்ள எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வதுண்டு. விகடன் என்றால் நகைச்சுவையாளன். பெயருக்கேற்ப அதில் மாலி என்னும் மகாலிங்கத்தின் சித்திரங்கள் இடம்பெற்றன. மாலியின் கோடு சிக்கனமானது. ஒரு தலைவரின் மூக்கையும் மேல்துண்டையும் இரண்டு வளைவில் காட்டினால் போதும், தமிழ்நாடு முழுவதும் அவர் யாரென்று தெரிந்துகொள்ளும். மாலியின் வழியில் வந்தவர் தஞ்சையிற் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலு. ஸ்ரீரங்கத்தில் பிறந்த மதன் பின்னர் அந்தப் பத்திரிகைக்கே அணியானார். காவிரிக்கரை தமிழ்நாட்டுக்குச் சங்கீத வித்துவான்களைத் தந்தது என்பார்கள். கேலிச் சித்திரக்காரர்களையும் தந்திருக்கிறது என்பதை நம் ஊர்க்காரர்கள் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை.

சுதந்தரம் வந்தபின் கேலிச் சித்திரத்துக்கு ஒரு புதிய சோதனை ஏற்பட்டது. அதுவரை எதிரில் இருந்தவன் அந்நியன். இனி எதிரில் இருப்பவர் நாமே தேர்ந்தெடுத்தவர். 1948-இல் டில்லியில் 'சங்கர்ஸ் வீக்லி' தொடங்கியபோது, தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று ஓவியர் சங்கரிடம் பிரதமர் நேரு சொன்னார். சங்கரும் விட்டுவைக்கவில்லை. அந்தப் பத்திரிகை 1975-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், நின்றது. அதே நெருக்கடி நிலையில் சென்னைத் 'துக்ளக்' பத்திரிகை படமே இல்லாமல் அட்டை முழுவதையும் கறுப்பாக அச்சிட்டு வெளியிட்டது. ஒரு கோடும் வரையாத அந்த அட்டையையும் நான் கேலிச் சித்திரமென்றே எண்ணுகிறேன்.

திட்டமிட்ட பொருளாதாரத்தின் காலத்தை வரைந்தவர் என்று ஒருவரைச் சொல்வதானால், மைசூரில் பிறந்த தமிழரான ஆர். கே. லட்சுமணைத்தான் சொல்ல வேண்டும். 1951-இல் பம்பாய்ப் பத்திரிகை ஒன்றில் அவர் படைத்த 'சாமானியன்' வேட்டியும் கட்டம்போட்ட கோட்டும் கண்ணாடியும் அணிந்தவன். வழுக்கைத் தலையின் இரு பக்கமும் நரைமயிர். ஒரு நாளும் வாய் திறவாதவன். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அரசாங்கத் துறைக்கு ஒதுக்கிய தொகை 4,800 கோடி ரூபாய். அது எவ்வளவு என்று சாமானியனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது வரிசையில் நிற்பதும், விலை கேட்டுத் திரும்புவதும், மந்திரிகள் கூடிப் பேசுவதை ஓரத்தில் நின்று கேட்பதும். திருவெறும்பூரில் 1965-இல் நிறுவப்பட்ட கொதிகலன் தொழிற்சாலையின் நிழலில் வளர்ந்தவன் நான். திட்டத்தால் விளைந்த நன்மையை எங்கள் ஊர் கண்ணாரக் கண்டது. பொட்டல்வெளி நகரமாயிற்று, உழவர் வீட்டுப் பிள்ளைகள் பற்றவைப்புத் தொழில் கற்று நிலையான ஊதியம் பெற்றார்கள். ஆகவே, திட்டங்களையெல்லாம் கேலி செய்வதே அறிவுடைமை என்று சொல்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. லட்சுமணும் அப்படிச் செய்யவில்லை. திட்டத்துக்கும் அடுப்பங்கரைக்கும் இடையே இருந்த தூரத்தைத்தான் அவர் அளந்து காட்டினார்.

அந்தத் தூரம் பின்னர் இரண்டு முறை திடுமென நீண்டது. 1966 ஜூன் 6-ஆம் நாள் நாணய மதிப்புக் குறைப்பால், ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்த விகிதம் 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. 1991-இல் அந்நியச் செலாவணி இருப்பு ஏறக்குறைய இரண்டு வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்தது. ஜூலை மாதத்தில் நாணய மதிப்பு மீண்டும் குறைக்கப்பட்டது. சுமார் 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கிக்கு அனுப்பி அடகு வைக்கப்பட்டது. அந்த வங்கியைத்தான் கில்ரே கிழவியாக வரைந்தார். ஜூலை 24-இல் டாக்டர் மன்மோகன் சிங் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் பொருளாதாரத்தின் திசையையே மாற்றியது. 'தாராளமயம்' என்ற சொல்லை அன்று புரிந்துகொண்டவர் சிலர். வீட்டு நகையை அடகு வைப்பது என்பதோ தமிழ்நாட்டில் எவருக்கும் விளக்க வேண்டாத செய்தி. பாராளுமன்றத்தில் நடந்த நீண்ட விவாதத்தைவிட, அடகுக் கடை என்ற ஒரு சொல் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் நிலைமையைத் தெளிவாக்கியதை நான் கேட்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் கேலிச் சித்திரத்துக்கு நேர்ந்த பெருஞ்சோதனை 1987-ஆம் ஆண்டினது. மார்ச் 29-ஆம் நாளிட்ட 'ஆனந்த விகட'னின் அட்டையில் ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. மேடையில் இருப்பவர்களுள் சட்டமன்ற உறுப்பினர் யார், மந்திரி யார் என்று ஒருவர் வினவ, மற்றவர் இருவகைத் திருடர்களின் தோற்றத்தைச் சொல்லி அடையாளம் காட்டுகிறார். எவர் பெயரும் அதில் இல்லை. எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. அப்போது முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன், சட்டமன்றத் தலைவர் பி. எச். பாண்டியன். படம் சட்டமன்றத்தின் உரிமையை மீறியது என்று கருதிய மன்றம், ஏப்ரல் 4-ஆம் நாள் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. தம் தரப்பைச் சொல்ல மன்றத்தின் முன் அவர் அழைக்கப்படவில்லை. அன்றே அவர் சென்னை மத்தியச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

அப்போது நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த இளம் ஆசிரியன். அந்த இதழ் எங்கள் ஊர் முடிதிருத்தகத்தில் கிடந்து, பத்து நாளாக எல்லோரும் பார்த்துச் சிரித்து மறந்துவிட்ட இதழ். தண்டனைச் செய்தி வந்தபின் அதனை மீண்டும் தேடினார்கள். முடிதிருத்துபவர் அதனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஆசிரியர் ஓய்வறையில் பெரிய வாக்குவாதம். "சட்டசபையை மதிக்காவிட்டால் வேறு எதைத்தான் சார் மதிப்பது?" என்று மூத்த கணித ஆசிரியர் கேட்டார். "மதிப்பைத் தண்டனையால் வாங்க முடியுமா, ஐயா?" என்று தமிழாசிரியர் கேட்டார். இருவரும் ஒருவாரம் பேசிக்கொள்ளவில்லை. கணித ஆசிரியர் கேட்டதை நான் இன்றும் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அரசியல் சட்டத்தின் 194-ஆம் பிரிவு சட்டமன்றங்களுக்குத் தனி உரிமைகளை வழங்குகிறது; மக்களின் பிரதிநிதிகள் அச்சமின்றிப் பேசுவதற்காகவே அவ்வுரிமை. ஆனால், அந்த உரிமையின் எல்லை எதுவென்று விரிவாக வரையறுக்கும் சட்டம் இயற்றப்படவில்லை. எல்லை தெரியாத ஓர் உரிமையும், 19-ஆம் பிரிவு குடிமகனுக்குத் தந்த பேச்சுரிமையும் ஒரு வார இதழின் அட்டையில் மோதிக்கொண்டன.

நாடெங்கும் பத்திரிகையாளர் கண்டனம் தெரிவித்தார்கள். மூன்று நாளில் ஆசிரியர் விடுதலையானார். அவர் அத்தோடு நின்றுவிடவில்லை என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தம்மைச் சிறையிலிட்டது முறையா என்று நீதிமன்றத்தில் வழக்காடினார். 1994-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, 1,000 ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அரசாங்கத்துக்கு ஆணையிட்டது. ஏழாண்டு வழக்குக்கு ஆயிரம் ரூபாய். பணக்கணக்கில் அது நட்டந்தான்.

கேலிச் சித்திரக்காரன் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்வதாக மாணவர்கள் எண்ணிவிடலாகாது. 1949-இல் சங்கர் வரைந்த ஒரு படம் 2006-இல் பதினொன்றாம் வகுப்பு அரசியல் பாடநூலில் சேர்க்கப்பட்டது. அரசியல் சட்டம் உருவாவதன் தாமதத்தைக் கேலி செய்யும் படம் அது. நத்தையின் மேல் டாக்டர் அம்பேத்கர் அமர்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்குகிறார். 2012 மே மாதத்தில் பாராளுமன்றத்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது; படம் நூலிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த மாதமே, 1965-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஈடுபட்ட மாணவரைக் கிண்டல் செய்யும் லட்சுமணின் படம் ஒன்று பாடநூலில் இருப்பது குறித்துத் தமிழ்நாட்டுத் தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தப் போராட்டத்தில் தீக்குளித்தவர்களுள் ஒருவர் நம் திருச்சி மாவட்டத்துக் கீழப்பழுவூர்ச் சின்னசாமி. 1964 ஜனவரியில் திருச்சி இரயில் நிலையத்தின் முன் உயிர் நீத்தவர். அவ்வூர் இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்த ஊரில், அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பு வராது. நத்தையின் மேல் அமர்ந்தவரை நோக்கி ஓங்கிய சாட்டையும், சாட்டையின் சுவடு தலைமுறை தலைமுறையாக முதுகில் இருந்தவர்களுக்கு வேறு பொருளைத் தரும். ஆயினும் ஓர் ஆசிரியனாக என் கருத்து, நூலிலிருந்து கிழிப்பதைவிட வகுப்பில் வைத்துப் பேசுவதே மேல் என்பது. லட்சுமண் சாமானியனின் பக்கம் நின்று மந்திரியைப் பார்த்தபோது அவர் கண் தவறவில்லை. பம்பாயில் இருந்துகொண்டு திருச்சி மாணவனைப் பார்த்தபோது தவறியது. இந்த வேறுபாட்டைக் காட்டிக் கொடுக்க அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று. 2017 அக்டோபர் 23-ஆம் நாள் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளி தம் மனைவியோடும் இரண்டு சிறு பெண்களோடும் தீக்குளித்தார். நால்வரும் மாண்டனர். அவர் அதற்குமுன் பலமுறை அங்கு மனுக் கொடுத்தவர். கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. அச்சட்டம் அந்தக் குழந்தைகளை எட்டவில்லை. ஓவியர் பாலா இதனைக் கருத்துப்படமாக வரைந்தார். எரியும் குழந்தை தரையில் கிடக்கிறது. சுற்றி நிற்கும் மூவர், அதாவது முதலமைச்சர், ஆட்சியர், காவல்துறை ஆணையர், ஆடையின்றி நின்று நோட்டுக் கட்டுகளால் தம்மை மறைத்துக்கொள்கிறார்கள்.

அப்படத்தை முதலில் பார்த்தபோது, மாணவர் முன் காட்டத் தகுந்ததா என்று நானும் தயங்கினேன். கில்ரேயின் கிழவி நோட்டுகளையே ஆடையாக உடுத்தியிருந்தது அப்போது நினைவுக்கு வந்தது. இருவருக்கும் இடையே 220 ஆண்டுகள். நவம்பர் 5-ஆம் நாள் திருநெல்வேலிக் காவல்துறையினர் சென்னைக்கு வந்து பாலாவைக் கைது செய்தனர். மறுநாள் நீதிமன்றம் அவரைப் பிணையில் விட்டது. 2021-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்மேல் இருந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. மக்களின் மனுவுக்கு ஆட்சி பொறுப்பேற்க வேண்டும் என்பதைச் சுட்டுவதே படத்தின் நோக்கம் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மனுக் கொடுக்க வருவோர் மண்ணெண்ணெய் கொண்டு வருகிறார்களா என்று ஆட்சியர் அலுவலக வாசலில் சோதிப்பது அந்த நிகழ்ச்சிக்குப் பின் தமிழ்நாட்டில் கடுமையாயிற்று.